கவுந்தியடிகளின் கைப்பீலி
நாடகம் வழியே காப்பியம் கற்றல்

சிலப்பதிகாரத்தை நம் இல்லங்களில் போற்றாதார் இலர். இளங்கோவடிகள் அருளிய காப்பியம் என்பதாலும், கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியாரை அது நம் கண்முன் நிறுத்துகிறது என்பதாலும், அதன்பால் நமக்குத் தனி உரிமை உண்டு. ஆயினும் போற்றுதல் வேறு, கற்றல் வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. அவளிடம் நாம் கற்றதை இங்கே வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

நாம் தமிழாசிரியையாகப் பணியாற்றிய பள்ளி போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்தில் இருந்தது. விடியுமுன்னரே ஜீப்புகள் முந்தலைக் கடந்து போடிமெட்டை நோக்கி ஏறும். ஏலத்தோட்டங்களில் காயெடுக்கச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியமர்ந்திருப்பர். விடுமுறை நாள்களில் தாயுடன் அவ்வாறு சென்றுவந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியே இக்கட்டுரைக்கு உரியவள். செய்யுள் என்றால் அவள் முகம் வாடும். பதவுரையை மனப்பாடம் செய்வாள். தேர்வு முடிந்ததும் மறப்பாள். ஆனால் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடைபெறும் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை இமைகொட்டாமல் பார்ப்பாள். மறுநாள் வள்ளியாகவும் நாரதராகவும் தானே மாறிப் பேசிக் காட்டுவாள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. அவளுக்குத் தெரிந்தது நாடகம். சிலப்பதிகாரமோ இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும் விரவிய காப்பியம். ஆகவே நாடகத்தின் வழியே அவளைக் காப்பியத்திற்கு அழைத்துச் செல்லத் துணிந்தோம்.

முதற்படி: அரங்கை அளத்தல்

மாதவி ஆடிய அரங்கின் அளவு அரங்கேற்று காதையில் கூறப்பட்டுள்ளது. அளக்கும் கோல் 24 விரல் நீளமுடையது. அரங்கின் அகலம் 7 கோல். நீளம் 8 கோல். தரையிலிருந்து உயரம் 1 கோல். மேடைக்கும் மேலுள்ள உத்தரத்திற்கும் இடைவெளி 4 கோல். புகுவதற்கு ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். திரைகளும் மூவகை. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

மாணவியர் மூங்கிற் கழியொன்றின்மீது பெருவிரலை அடுத்தடுத்து வைத்து 24 விரல் அளந்து வெட்டினர். அது ஏறத்தாழ இரண்டடி வந்தது. அக்கோலைக் கொண்டு பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்தபோது, ஏறத்தாழ 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடைய மேடை உருப்பெற்றது. “எங்கள் ஊர் நாடகக் கொட்டகை மேடையும் இவ்வளவுதான் டீச்சர்!” என்று அம்மாணவி வியந்தாள். பழைய நூல் அன்றுதான் அவளுக்கு அண்மையில் வந்தது.

இரண்டாம் படி: நடந்து பார்த்தல்

அடுத்து நாடுகாண் காதையை எடுத்துக்கொண்டோம். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். அடிகளும் மதுரைக்கு உடன்வர இசைகிறார். பிச்சைப் பாத்திரமும் கையில் மயிற்பீலியும் கொண்டு புறப்படும் அவர், வழியின் இடர்களை முன்னரே எடுத்துரைக்கிறார். உதிர்ந்த பூக்கள் குழிகளை மூடியிருக்கும். நீர்க்கரையில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அவ்வாறு நேரின் அத்துன்பம் தாங்கவொண்ணாது என்கிறார்.

இப்பகுதியை நடிக்கச் சொன்னபோது நகரத்துப் பிள்ளைகள் விரைந்து நடந்தனர். நம் மாணவியோ முதலில் கால்விரலை ஊன்றிப் பார்த்துப் பின்னர் அடியெடுத்து வைத்தாள். காரணம் கேட்டோம். ஏலச்செடிகளின் அடியில் சருகு மூடிய சரிவில் அப்படித்தான் நடக்கவேண்டும் என்றாள். வழுக்கலுக்கும் அட்டைக்கும் அஞ்சி அவள் கற்ற நடை, பிற உயிருக்கு அஞ்சி நடக்கும் துறவியின் நடையாக மாறியது. எதற்காக அஞ்சுகிறோம் என்பதே வேறுபாடு என்பதை வகுப்பினர் தாமே கண்டுகொண்டனர்.

துறவியார் எவ்வாறு நிற்பார் என்பதை உணர்த்த, மாணவியரை ஒருநாள் உத்தமபாளையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின்முன் அவள் நெடுநேரம் அசையாமல் நின்றாள். திரும்பியபின் அவள் நடித்த கவுந்தியிடம் அந்த அமைதி குடிகொண்டிருந்தது.

மூன்றாம் படி: இடறும் இடத்தில் நிற்றல்

இனி நம் குறையைச் சொல்லவேண்டும். அதே காதையில் ஓர் இக்கட்டான நிகழ்ச்சி உண்டு. அரங்கத்தில் சாரணர் அறவுரை கேட்ட கவுந்தியடிகள், காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றையும் அவித்த அருகன் திருமொழிக்கன்றித் தம் செவி திறவாது என்றும், அவன் திருநாமமன்றித் தம் நா நவிலாது என்றும் உறுதி மொழிகிறார். பின்னர் மூவரும் ஓடத்தில் காவிரியைக் கடந்து ஒரு சோலையில் தங்குகின்றனர். அங்கே வந்த பரத்தை ஒருத்தியும் அவளுடன் வந்தவனும், “இவர்கள் யார்?” என வினவுகின்றனர். தம் மக்கள் என்கிறார் அடிகள். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் இகழ்கின்றனர். கண்ணகி செவி பொத்தி நடுங்குகிறாள். அடிகள் அவ்விருவரையும் நரியாகுமாறு சபிக்கிறார்.

நத்தைக்கு இரங்கியவர் மனிதரைச் சபிப்பதா? பிற சமயத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இவ்வினா எழுமே என்று அஞ்சி, அப்பகுதியை விட்டு மேலே செல்ல எண்ணினோம். அம்மாணவி விடவில்லை. நூலகத்திலிருந்து உரைநூலை எடுத்துத் தானே படித்துவிட்டு வந்து, “இதுதானே டீச்சர் நாடகம்! இதை விட்டால் நடிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டாள். நாம் நாணினோம்.

நடிக்கச் செய்தோம். மலையடிவாரத்தில் உதிர்ந்து கிடந்த மயிலிறகுகளைக் கட்டிப் பீலி ஒன்று செய்திருந்தாள். சாபம் கூறுகையில் கையை உயர்த்தினாள். உயர்த்திய கையில் பீலி இருந்தது. பேச்சு நின்றுபோயிற்று. சிற்றுயிரையும் வருத்தாமல் விலக்குவதற்குரிய பீலியை ஏந்திய கையாலேயே சபிக்க நேர்ந்ததை அவள் தன் கையில் கண்டாள். கேலி செய்ய இருந்த பிள்ளைகளும் அடங்கினர்.

அதன்பின் நிகழ்வதை அவள் முன்னினும் கூர்ந்து படித்தாள். நரிகளின் ஊளையைக் கேட்ட கோவலனும் கண்ணகியும், இகழப்பட்டவர்களாயிருந்தும் இகழ்ந்தோருக்காக இரங்கி, சாபத்திற்கு ஒரு வரம்பு வேண்டுகின்றனர். அடிகளும் இசைந்து, உறையூர் மதிற்புறத்தே 12 மாதம் உழன்றபின் அவர்கள் பழைய வடிவம் பெறுக என்கிறார். இல்லறத்தார் இருவர் துறவியார்க்குப் பொறுமையை நினைவூட்டும் காட்சி அன்றோ இது! தவத்தின் ஆற்றலும் சினம் என்னும் கஷாயத்தின் வலிமையும் ஒரே காட்சியில் எதிரெதிர் நிற்கின்றன. இளங்கோவடிகள் இதனை மறைக்கவில்லை. மறைக்க எண்ணியவர் நாமே.

நான்காம் படி: விடுபட்ட காட்சியை எழுதுதல்

அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மாதரி என்பாளிடம் ஒப்படைக்கிறார். அதன்பின் கோவலன் கொலையுண்டதும் அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாய்மொழியாகவே அறிகிறோம். அக்காட்சி நேரே காட்டப்படவில்லை. அதைக் கற்பனை செய்து எழுதுமாறு பணித்தோம்.

மாணவியர் பலர் நீண்ட புலம்பல் எழுதினர். அவள் எழுதியது அரைப்பக்கம். செய்தி கேட்ட அடிகள் எவரையும் சபிக்கவில்லை, மன்னனையும் பழிக்கவில்லை, அமர்வதற்குமுன் பீலியால் தரையை மெல்லத் துடைக்கிறார். அவ்வளவே. முன்னர்ச் சினந்த கை மீண்டும் தன் கடமைக்குத் திரும்பியதை ஒரு சொல்லும் மிகாமல் காட்டியிருந்தாள். 1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகத் தோன்றியதை நாம் கண்டு மகிழ்ந்ததுண்டு. எனினும் கவுந்தி என்றவுடன் இன்றும் நம் நினைவில் எழுவது அந்தச் சிறுமியின் கையே.

இல்லங்களில் செய்யத்தக்கவை

பெற்றோரும் தாத்தா பாட்டியரும் இம்முறையை வீட்டிலேயே பின்பற்றலாம். விரலால் ஒரு கோல் அளந்து, முற்றத்தில் மாதவியின் அரங்கை வரையுங்கள். நாடுகாண் காதையை உரையுடன் படித்து, கவுந்தி, கோவலன், கண்ணகி ஆகிய மூவராகவும் பிள்ளைகள் மாறி மாறி நடிக்கட்டும். பின்னர் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். சாபத்தின்போது அடிகளின் கை எங்கே இருந்தது? அவர் இறுதியில் மேற்கொண்ட நோன்பு சல்லேகனையா, அல்லது அடைக்கலம் தந்தவரின் துயரா? விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

கண்ணகி விண்ணேறிய குன்றென்று பலராலும் கருதப்படும் மங்கலதேவி மலை, கூடலூருக்கு மேலே எல்லையில் உள்ளது. ஒரு சித்திரைப் பௌர்ணமியன்று அம்மலைப் பாதையில் அவளை மீண்டும் கண்டோம். தன் மகளின் கையைப் பற்றியிருந்தாள். முதலில் கால்விரலை ஊன்றிப் பார், பின்னர் அடியெடுத்து வை என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே எறும்புச் சாரி ஒன்று பாதையைக் கடந்துகொண்டிருந்தது.