படுக்காதே, பல்லைக் கடிக்காதே

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தேன். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுமே பாசிட்டிவ். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் என்கிறாய். டாக்டர் சொன்னது சரிதான், முடக்குவாதம். சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இருபத்தாறு வயதில் எனக்கு எதற்குப் பாட்டிமார் நோய் என்று கேட்டிருக்கிறாய். பாட்டியின் முழங்காலில் இருப்பது வேறு. அது குருத்தெலும்பு தேய்வதால் வருவது. உனக்கோ, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. எந்த வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். நீ எதையோ சாப்பிட்டதாலோ, ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்ததாலோ வந்ததில்லை.

இனி வீட்டில் இரண்டு குரல் கேட்கும். "ஒரு வேலையும் செய்யாதே, படுத்துக்கோ" என்பாள் உன் அம்மா. "பொம்பளைன்னா கொஞ்சம் பொறுத்துக்கத்தான் வேணும்" என்பார் பாட்டி. இரண்டும் பாசத்தில் வருவதுதான். ஆனால் பிசியோதெரபி அறையில் நான் பார்த்த கை கால்களில் பாதியைக் கெடுத்தவை இந்த இரண்டு அறிவுரைகளே. ஒருத்தி அசையாமல் வைத்து மூட்டை இறுக விட்டிருப்பாள். இன்னொருத்தி வீங்கிச் சிவந்த மணிக்கட்டோடு இட்லிக்கு மாவாட்டியிருப்பாள்.

ஏன் அசைய வேண்டும் என்றால், குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தும்போது கசிந்தும், விடும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சியும் பஞ்சு மாதிரிதான் அது தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. படுத்தே கிடந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. மூட்டைத் தாங்கும் தசையும் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். பிறகு நாலு படி ஏறினாலே வலிக்கும். வலிக்கிறதே என்று மறுபடி படுப்பாய்.

காலையில் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டு. நடை, நீச்சல், சைக்கிள் என எது பிடிக்கிறதோ அதைச் செய். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்குச் சொல்லும் கணக்கு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். அளவு தெரிய ஒரு வழி உண்டு: உடற்பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிட அதிகமாக இருந்தால், மறுநாள் குறைத்துக்கொள். நிறுத்தாதே, குறை. மூட்டு சூடாக, வீங்கி இருக்கும் நாட்களில் அந்த மூட்டுக்குப் பாரம் கொடுக்காமல், போகிற அளவுக்கு மட்டும் சில தடவை அசைத்துவிடு. மற்ற மூட்டுகளுக்கு அன்றும் லீவு கிடையாது.

சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றக் கற்றுக்கொள். பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டு. பால் பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கு. துணியைக் குழாயில் சுற்றி முறுக்கினால் மணிக்கட்டு தப்பிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கீபோர்டிலிருந்து கையை எடு.

இதெல்லாம் மருந்தோடு சேர்ந்துதான், மருந்துக்குப் பதிலாக இல்லை. மூட்டு எலும்பு அரிக்கப்படுவது நோயின் முதல் ஒன்றிரண்டு வருடங்களிலேயே தொடங்கிவிடும், அதனால்தான் டாக்டர் அவசரப்படுகிறார். அவர் எழுதித் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வை. ஃபோலிக் ஆசிட் எந்த நாளில் என்று டாக்டரிடம் கேட்டு அதையும் குறி. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடையில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. இந்த மருந்து எடுக்கும்போது கர்ப்பம் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைத்தால் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல், மருந்தை மாற்றித் தருவார். இந்த நோயோடு பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். கல்யாணப் பேச்சு வரும்போது மறைக்கச் சொல்வார்கள். மறைக்காதே, மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போடும் குடித்தனம் உனக்கு வேண்டாம்.

"மூன்றே நாளில் வலி போகும்" என்று பெயர் எழுதாத பொட்டலம் ஒன்றை யாராவது கொடுப்பார்கள். வாங்காதே, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். 1948ல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாதத்துக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்ட பெண் சில நாட்களிலேயே எழுந்து நடந்தார். 1950ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் விலை பிறகுதான் தெரிந்தது: முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். டாக்டர் அளவோடு, குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. பொடியில் யாரோ கலந்து தருவது வேறு. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடு, ருசிக்காக. புளியையும் உருளைக்கிழங்கையும் ஒதுக்கச் சொன்னால் சிரித்துவிட்டுப் போ. சிகரெட் மட்டும் இந்த நோயை நிச்சயம் மோசமாக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் என்னிடம் மறைத்துக்கொள், டாக்டரிடம் மறைக்காதே.

இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டுக்கு இதே நோய் 1956ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே விரல்களால்தான் 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில், மனிதரிடமிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தார். விரல்கள் ஒத்துழைக்காமல் 1983ல் கத்தியைக் கீழே வைத்தார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது 1988ல். அவருக்குக் காலம் கடந்து வந்தது, உனக்கு முதல் மாதத்திலேயே கிடைத்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். வலி நன்றாகக் குறைந்த நாளாகத்தான் அது இருக்கும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. அன்று நீயாக எதையும் நிறுத்தாதே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நடக்கக் கிளம்பு.

அன்புடன்,
அத்தை