பட்டாவும் ஹைலக்ஸும்: டீசல் எஞ்சின் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வருவதும், மயிலிட்டியில் இறங்கும் மீன் ஐஸ் பெட்டிகளில் ஊருக்குள் செல்வதும், நீர்வேலி வாழைக்குலைகள் ஏ9 வீதி வழியே தெற்கே போவதும் பெரும்பாலும் டீசலில் ஓடும் சிறு பாரவாகனங்களை நம்பியே நடைபெறுகின்றன. இவற்றுள் ஒன்று டாட்டா நிறுவனத்தின் ஏஸ்; இலங்கையில் 'டிமோ பட்டா' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தமையால் அது ஊர் வழக்கில் வெறும் 'பட்டா' ஆயிற்று. மற்றது, முன்னே சாரதிக்கான அறையும் பின்னே திறந்த பெட்டியும் கொண்ட ஹைலக்ஸ், எல்200, பொலேரோ போன்ற 'கப்' வாகனம். இவற்றின் எஞ்சின் எவ்வளவு காலம் உழைக்கும், எதனால் கெடும் என்பது பற்றிக் கராஜ்களிலும் சந்தை வாசல்களிலும் நிலவும் கருத்துகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றுள் முழுப் பொய்யானவை மிகச் சில என்பது தெரியவரும். பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்து எஞ்சினுக்குச் சரியாகப் பொருந்தியவை. எஞ்சின் மாறிய பின்னும் தாம் மாறாமல் நின்றவை.

இதற்குத் தெளிவான சான்று, 'மண்ணெண்ணெய் கலந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது' என்னும் நம்பிக்கை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பாதுகாத்து வைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அன்றைய முறையாக இருந்தது. இது கட்டுக்கதையன்று, அக்காலத்தைக் கண்ட தலைமுறை முழுவதும் அறிந்த செய்தி. ஆயினும் அது ஏன் இயன்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்று, பிஸ்டன் மேலேறும்போது எத்தனை மடங்கு சிறிதாக்கப்படுகிறது என்பதே நெருக்கல் விகிதம் எனப்படும். ஏ40 போன்ற 1940களின் இறுதிக்கால எஞ்சின்களில் அது ஏறத்தாழ ஏழு மடங்கே. நெருக்கல் அதிகமானால் மண்ணெண்ணெய் தீச்சுடர் வந்தடையுமுன்னரே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும், குறைவாக இருந்தமையால் அந்தத் தட்டல் தாங்கக்கூடிய அளவில் நின்றது. அதற்கும் விலையுண்டு. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது; வேறு வழியில்லாத காலம் என்பதால் அந்தத் தேய்வை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

டீசல் எஞ்சினின் நிலை வேறு. அங்கே தீப்பொறி இல்லை. காற்று பதினாறு முதல் இருபத்துமூன்று மடங்குவரை நெருக்கப்பட்டுக் கடுஞ்சூடு அடைய, அதனுள் எரிபொருள் நுண்தூறலாகப் பீச்சப்பட்டுத் தானாகவே எரிகிறது. மண்ணெண்ணெயும் அவ்வாறு எரியக்கூடியதே. குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் டீசல் மெழுகாக உறைந்துவிடாதிருக்க அதில் மண்ணெண்ணெயை ஒரு பங்கு சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஆகவே எரிதல் இங்கே சிக்கலன்று, வழுக்குத்தன்மையே சிக்கல். எரிபொருளைப் பீச்சும் பம்பின் உட்பாகங்களுக்கு வேறு ஒயில் எதுவும் ஊற்றப்படுவதில்லை. தம்மூடாகச் செல்லும் டீசலையே அவை மசகாகக் கொள்கின்றன, மண்ணெண்ணெயிலோ அந்தக் குணம் குறைவு. 1990களின் ஹைலக்ஸில் இருந்த பொறிமுறைப் பம்புடன் இணைந்த இன்ஜெக்டர், அதாவது பீச்சுமுனை, வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு முதல் நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தில் திறந்தது. இன்றைய 'கொமன் ரெயில்' முறையில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் எரிபொருள் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சேமிக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பீச்சப்படுகிறது. அந்தப் பம்பில் உராய்வு தொடங்கினால் உதிரும் உலோகத் துகள்கள் பொதுக்குழாய் வழியே எல்லா இன்ஜெக்டர்களையும் சென்றடையும். பழுது பார்ப்பது பம்போடு முடிவதில்லை.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி இந்நம்பிக்கைக்குப் புத்துயிர் கொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கும் சாதாரண டீசல் 430 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. அம்மாதத்தின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்த்தப்படும்வரை இரண்டையும் கலப்பதில் இருந்த இலாபம் எவருக்கும் விளங்கக்கூடியது. கலப்படத்தைவிடக் குறைவாகப் பேசப்பட்ட கேடு ஒன்றும் அக்காலத்தில் நேர்ந்தது. வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கான்களிலும் பீப்பாய்களிலும் மாதக்கணக்கில் சேமித்தபோது, கடற்காற்றின் ஈரப்பதம் உள்ளே நீராகப் படிந்தது. டீசலும் நீரும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழுவழுப்பான கசடாகும். எரிபொருள் வடிகட்டியின் அடியில் நீர் சேரும் கிண்ணத்தைத் திறந்துவிடும் சிறு திருகாணி பெரும்பாலான கப் வாகனங்களில் உண்டு. அதனை ஒருமுறையேனும் திறந்திராத உரிமையாளர்கள், இன்ஜெக்டர் கெட்டதும் வாகனத்தின் தயாரிப்பு நாட்டைக் குறை கூறுவது வியப்புக்குரியதே.

எரிபொருளைவிடக் குடாநாட்டுக்கே உரிய சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. 'கூலன்ட் குளிர்நாட்டுக்காரருக்கு உரியது, வெயில் நாட்டில் கிணற்றுத் தண்ணீரே போதும்' என்னும் கருத்து பரவலானது. கூலன்ட் என்னும் திரவத்தின் ஒரு வேலை உறைதலைத் தடுப்பது என்பதால் அது பாதி உண்மையும் கூட. யாழ்ப்பாணத்தில் ரேடியேற்றர் உறைந்துபோக வழியில்லை. ஆனால் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை, வழுக்கியாறும் மழைக்கால ஓட்டமே. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அதனைக் கரைத்துக்கொண்டு கிணற்றில் சேர்வதால், அந்த நீர் கல்சியம் மிகுந்த வன்னீராகிறது. யாழ்ப்பாணத்து அடுக்களையில் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் எஞ்சினின் நீர்வழிகளிலும் ரேடியேற்றர்க் குழாய்களிலும் படிகிறது. உலோகத்தைக் காட்டிலும் பன்மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும் இப்படிவு ஒரு மில்லிமீற்றர் தடித்தாலே, சிலிண்டர் தலைப்பகுதியின் வெப்பம் நீருக்கு இறங்குவது தடைப்படும். சூட்டுமானி வழமைபோலக் காட்டினாலும், வால்வுகளுக்கிடையேயுள்ள ஒடுங்கிய உலோகப் பாலம் அளவுமீறிச் சூடேறி வெடிக்கும். தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் உள்ள கிணறுகளில் உவரும் சேர்வதால், நீரிலுள்ள குளோரைட்டு அலுமினியத் தலைப்பகுதியை அரிக்கத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் மாற்று, துருத்தடுப்புச் சேர்மங்கள் கலந்த கூலன்டும், அதனைக் கரைக்க வடிநீரும் ஆகும்; வடிநீர் கிடைக்காதபோது மழைநீரைச் சுத்தமான பாத்திரத்தில் ஏந்திப் பயன்படுத்துவதும் கிணற்று நீரைவிடச் சாலச் சிறந்தது.

இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு பழக்கம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் குறிப்பிட்ட சூட்டை அடையும்வரை ரேடியேற்றருக்கு நீர் செல்லாமல் தடுக்கும் மெழுகு வால்வு. அது இறுகி மூடிய நிலையில் நின்றுவிட்டால் எஞ்சின் கொதிக்கும் என்பது உண்மை. அந்த அனுபவத்திலிருந்து 'அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாக ஓடும்' என்னும் முடிவு பிறந்தது. பல யப்பானிய எஞ்சின்களில் இந்த வால்வின் அடித்தட்டு வேறொரு வேலையும் செய்கிறது: ரேடியேற்றருக்கு வழி திறக்கும்போது, எஞ்சினுக்குள்ளேயே நீர் சுற்றிவரும் குறுக்குவழியை அது மூடுகிறது. வால்வைக் கழற்றினால் குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்க, நீரின் ஒரு பகுதி ரேடியேற்றரைத் தொடாமலே திரும்பும். ஆகவே ஏ9 வீதியில் பாரத்தோடு செல்லும்போது எஞ்சின் முன்னையிலும் அதிகமாகச் சூடேறும். ஊருக்குள் குறுந்தூரம் ஓடும்போதோ அது உரிய சூட்டை அடையாமல், எரியாத டீசலை ஒயிலில் கலக்கும். ஒரே செயல் இரு எதிரெதிர்த் தீமைகளைத் தருவது அரிது. இது அவ்வகையைச் சேர்ந்தது.

ஒயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் சரியன்று. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்களை ஒன்றுசேர விடாமல் தாங்கி வைத்திருப்பதற்கென்றே டீசல் ஒயிலில் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. புதிய ஒயில் சில நாட்களிலேயே கறுப்பது அது தன் வேலையைச் செய்வதன் அடையாளம். மாற்றும் காலத்தைத் தீர்மானிக்க வேண்டியவை ஓடிய தூரமும் ஏற்றிய பாரமுமே. காலையில் கால் மணிநேரம் எஞ்சினை நிறுத்திவைத்து ஓடவிட்டுச் சூடாக்குவதும், வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் யாழ்ப்பாணத்தில், டீசல் செலவு தவிர வேறெதையும் தருவதில்லை. கறுப்புப் புகை வலிமையின் அடையாளம் என்போருக்கு ஒரு வரி போதும்: அது எரியாமல் வெளியே போகும் பணம்.

எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றியது, பழைய யப்பானிய எஞ்சின் அழிவற்றது, கணினி புகுந்த புதிய எஞ்சின் தாங்காது என்னும் நம்பிக்கை. 2003 இல் பிபிசியின் 'டொப் கியர்' நிகழ்ச்சி பழைய டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கடலில் அமிழ்த்தியும் தீமூட்டியும் மீண்டும் ஓடவைத்துக் காட்டியதிலிருந்து இந்தப் புகழ் உலகெங்கும் பரவியிருக்கிறது. புகழ் பொய்யன்று. எனினும் இன்று வீதியில் காணப்படும் முப்பது வயது ஹைலக்ஸ்கள் தப்பிப் பிழைத்தவை. தலைப்பகுதி வெடித்து இரும்புக் கடைக்குப் போனவை கண்ணில் படுவதில்லை. ரொயோட்டாவின் 1980களின் 2எல்-டி என்னும் டர்போ எஞ்சின் தலைப்பகுதி வெடிப்புக்குப் பெயர்பெற்றதே. மிற்சுபிசி எல்200 இன் 4டி56 எஞ்சினிலோ இரு பெல்ட்டுகள் உள்ளன. ஒன்று வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட், மற்றது அதிர்வைத் தணிக்கும் சமநிலைத் தண்டுகளுக்குரிய சிறு பெல்ட். முக்கியமற்றது எனச் சிறு பெல்ட்டை மாற்றாது விட்டால், அது அறுந்து பெரியதில் சிக்கி, வால்வுகளைப் பிஸ்டனோடு மோதச் செய்யும்.

புதிய எஞ்சினின் குறையும் கணினியில் இருப்பது அரிது. ஏழாம் தலைமுறை ஹைலக்ஸின் மூன்று லீற்றர் 1கேடி எஞ்சினைக் கெடுத்தது, ஒவ்வோர் இன்ஜெக்டரின் கீழும் இருக்கும் செப்பு வளையம். அது இறுக்கம் இழந்தபோது எரிந்த வாயு மேலே கசிந்து, ஒயிலைக் கரியாக்கி, ஒயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தது. பின்னர் ஒயில் கிடைக்காத பேரிங்குகள் உருகின. சில நூறு ரூபாய் பெறுமதியான வளையத்திலிருந்து முழு எஞ்சின் இழப்புவரை நீளும் இச்சங்கிலியில், மின்னணுக் கருவி எதற்கும் பங்கில்லை.

பட்டாவைப் பற்றிய பேச்சு, பழைய எளிய எஞ்சினே தாங்கும் என்னும் நம்பிக்கையோடு முரண்படுவது கவனிக்கத்தக்கது. 2005 இல் இந்தியாவில் அறிமுகமான ஏஸின் எஞ்சின் 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரு சிலிண்டர்களும் பதினாறு குதிரைவலுவும் கொண்டது. டர்போ இல்லை, பீச்சும் முறை பழைய பொறிமுறையே. எளிமையே நீடித்த உழைப்பு என்றால் இதுவே சாகாவரம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் கராஜ்களில் இதற்கு 'பலவீனமானது' என்ற பெயரே கிடைத்திருக்கிறது. உண்மைக் காரணம் ஏற்றும் பாரம். முக்கால் தொன்னுக்கென வடிவமைக்கப்பட்ட வாகனத்தில் அதன் இருமடங்கு வெங்காயத்தை ஏற்றி, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்புள்ளைச் சந்தைக்கு மிதியை முழுதாக அழுத்தியபடி செலுத்தினால், பல மணிநேரம் அந்த எஞ்சின் தன் உச்ச வெப்பத்திலேயே உழைக்கிறது. ஹெட் காஸ்கட், அதாவது சிலிண்டர் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள இறுக்கத் தகடு, எரிவது அதன் இயல்பான விளைவு.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்திய கப் வாகனங்களைப் பற்றிய பேச்சும் கூடியிருக்கிறது. இவ்வடிகட்டி சேர்ந்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் தானே எரித்துத் துப்புரவாக்கிக்கொள்ள வேண்டும்; அதற்குத் தொடர்ந்த ஓட்டம் தேவை. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கே முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான் என்பதால், 'கிழமைக்கொருமுறை கிளிநொச்சிவரை வேகமாக ஓடினால் போதும்' என்னும் அறிவுரை கேட்கப்படுகிறது. பொதுவாக அது சரியே, ஆயினும் உத்தரவாதமன்று. அவுஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஹைலக்ஸ், போர்ச்சுனர், பிராடோ வாகனங்கள் குறித்த வழக்கில், நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடும்போதே வடிகட்டித் தொகுதி செயலிழந்ததாகவும், குறை வடிவமைப்பில் இருந்ததாகவும் 2022 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. இலங்கையில் இதனோடு கந்தகமும் சேர்கிறது. சாதாரண டீசலில் கந்தகத்தின் அளவு, பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு என்னும் யூரோ 4 வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். எரிந்தபின் அது சல்பேற்றாக மாறி வடிகட்டியில் சேர்ந்து, அதற்கு முன்னுள்ள வினையூக்கியையும் மந்தமாக்கும். 2018 முதல் யூரோ 4 தரத்தில் விற்கப்படும் சுப்பர் டீசல் பட்டாவுக்கோ பழைய ஹைலக்ஸுக்கோ கூடுதல் விலைக்கேற்ற பயனைத் தருவதில்லை. வடிகட்டி உள்ள வாகனத்துக்கோ அது கட்டாயத் தேவை.