நம் கோப்புகளின் இருப்பிடம்



நாம் எழுதிய கட்டுரையைக் கணினியில் சேமிக்கும்போது, இடத்தைப் பெரும்பாலும் நாம் தெரிவு செய்வதில்லை. கணினியே தெரிவு செய்கின்றது. விண்டோஸ் 98இன் யேர்மன் பதிப்பில் அவ்விடத்தின் பெயர் ‘ஐகன டாட்டையன்’. அதாவது, சொந்தக் கோப்புகள். இன்று அது ‘டொக்குமென்ட’ எனப்படும். வழக்கமாக இக்கோப்புறை, விண்டோஸ் இயங்கும் ‘சி’ பகுதியிலேயே இருக்கும். பழுதுற்ற விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவும்போது நம் எழுத்துகளும் அழியக்கூடும்.

‘டி’ பகுதியும் உள்ள கணினியில் இருப்பிடத்தை மாற்றும் முறை வருமாறு:

1. ‘டி’ பகுதியில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்குக.

2. ‘டொக்குமென்ட’ மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘ஐகன்ஷாஃப்டன்’, ‘ப்ஃபாட்’, ‘ஃபெர்ஷீபன்’ என்பவற்றை வரிசையாகத் தெரிவு செய்க.

3. புதிய கோப்புறையைக் காட்டி ‘ஓகே’ அழுத்துக. பழைய கோப்புகளையும் மாற்றலாமா என்று கேட்டால் ‘யா’ என்பதை அழுத்துக.

இரு பகுதிகளும் ஒரே வன்தட்டில் இருப்பின், அது பழுதானால் இரண்டும் போய்விடும். ஆகவே, இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின, பிரதியில்லாதவை மீளவில்லை. 2021 யூலையில் வுப்பர் ஆறு பெருகி நம் நகரத்து வீடுகளிலும் புகுந்தது.

அம்மம்மாவின் குரற்பதிவும் பிள்ளையின் முதற் கட்டுரையும் கடையில் வாங்கக் கூடியவை அல்ல. அவை இருக்கும் இடத்தை நாமே தீர்மானிப்போம்.