மானாவுக்குத் தீ வைத்தால் காடை எங்கே போகும்?

ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை மலை முடிகிற இடத்தில் பத்தனை தொடங்கும். மானாப்புல்லும் பற்றையும், இடையிடையே நெல்லி மரமுமாகக் கிடக்கும் அந்த வெளியை மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உள்ள இடமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பல பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான்.

எல்லாப் பறவையும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. காடை, கவுதாரி, நெட்டைக்காலி எல்லாம் புல்லின் அடியில் தரையிலேயே முட்டையிடும். நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழியும் பெரும்பாலும் பற்றை அடியில்தான் அடைகாக்கும்; அதற்கு மூன்று கிழமை வரை செல்லும். பக்கி கூடே கட்டாது, வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டுவிடும். குறுங்காடையில் ஒரு வேடிக்கை: பேடு முட்டையை இட்டுவிட்டு வேறு சோடி தேடிப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல்தான். (இதை வீட்டில் வாசித்துக் காட்டுவது அவரவர் பொறுப்பு!)

இவற்றுக்கெல்லாம் உள்ள ஒரே காவல் புல்லின் மறைப்பு.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது மானா காய்ந்து சருகாகிவிடும். "முத்துன மானாவ மாடு தின்னாது, ஒரு குச்சிய கிழிச்சுப் போட்டா மழையோட துளிர் வந்துரும்" என்பார்கள். அது பொய்யில்லை; மேலே எரிந்தாலும் மானாவின் வேர் சாகாது. ஆனால் அந்த நேரம் அடையில் இருக்கும் முட்டை வெந்துவிடும். தாய்ப்பறவை பறந்து தப்பும். பறக்கத் தெரியாத குஞ்சு என்ன செய்யும்?

தீ அணைந்ததோடும் முடிவதில்லை. கரிந்த தரையில் ஒளிய இடமில்லை. காகத்துக்கும் கீரிக்கும் எல்லாம் வெட்டவெளிச்சம். பிறகு துளிர் வந்ததும் லயத்து மாடுகள் அத்தனையையும் அதே இடத்துக்கு ஓட்டுகிறோம், நாயும் கூடவே ஓடும். புல் முளைக்க முளைக்கக் கடிபடுவதால் ஒரு காடை மறையும் அளவுக்குக்கூட வளராது. நாம் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது அடியைத்தான். வருடா வருடம் இப்படி நடந்தால் பற்றைக் கன்றுகள் செத்து, நெல்லி மாதிரித் தீயைத் தாங்கும் மரங்கள்தான் மிஞ்சும். மழையில் மேல்மண்ணும் போய்விடும். அப்புறம் மாட்டுக்கும் நல்ல புல் கிடைக்காது.

மேய்ச்சலே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பால் காசில்தான் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து வருகிறது. அளவாக மேய்ந்தால் அடர்ந்த புல் கொஞ்சம் விலகி, குஞ்சுகள் ஓடிப் பூச்சி பொறுக்க வழி கிடைக்கும். ஒரே இடத்தில் தினமும் விடாமல், மேய்ந்த பக்கத்தைச் சில கிழமை ஆறப்போட வேண்டும். காண் ஓரத்தில் கினிப்புல், நேப்பியர் நட்டு அறுத்துப் போட்டால் பத்தனையை நம்பி இருக்கவும் வேண்டியதில்லை. மானாவைக் காயும் முன்பே அறுத்து மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். மறுநடுகைக்கு முன் மண் தேறுவதற்காக மானாவையே நடுகிற தோட்டங்கள் உண்டு. அதைப் போய் எரிப்பானேன்?

புல்லறுக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்து வாருங்கள்; பறவை ஓடித் தப்ப வழி இருக்கும். முட்டை கண்ணில் பட்டால் சுற்றிலும் ஒரு பாகம் அளவு புல்லை விட்டுவிடுங்கள். சில பறவைகள் சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போகும். அது நடிப்பு. பக்கத்திலேயே குஞ்சோ முட்டையோ இருக்கிறது என்று அர்த்தம். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.