இரண்டு ஒலிவாங்கிகள்

ஆஸ்டின் டவுன் கடைத்தெருவில் காய் வாங்கும் பாட்டியின் காதில், மைசூருவிலுள்ள அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் பொருத்திய செவித்துணைக் கருவி உள்ளது. ஒலியைப் பெருக்கினால் மட்டும் போதுமா? பேத்தியின் குரலோடு ஆட்டோவின் இரைச்சலும் பெருகுமே! ஆகவே அதில் முன்னும் பின்னுமாக, ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளியில், இரண்டு ஒலிவாங்கிகள் உள்ளன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எனவே பின்னாலிருந்து வரும் இரைச்சல் பின் ஒலிவாங்கியை அடைந்து, ஏறத்தாழ 0.00003 நொடி கழித்தே முன் ஒலிவாங்கியை எட்டும். பின்னது பெற்ற ஒலியை அவ்வளவு நேரம் தாமதித்து, முன்னது பெற்றதிலிருந்து கழித்தால் இரைச்சல் பெரிதும் குறையும். எதிரே நிற்கும் பேத்தியின் குரல் நிலைக்கும். பேத்தி பின்னால் நின்று அழைத்தாலோ, அக்குரலும் தேய்ந்துவிடும்!

வினா: சாலையைக் கடக்கும்போது எல்லாத் திசை ஒலியும் பாட்டிக்குத் தேவைப்படுவது ஏன்?