தலையில் பட்டால் நரை, முகத்தில் பூசினால் சிவப்பு?

தேன் பாட்டிலைத் திறந்தாலே, "தலையில பட்டுடப் போகுது, முடி நரைச்சிடும்" என்று ஒரு குரல் கேட்கும். அதே வீட்டில்தான், கடலை மாவில் தேனைக் குழைத்துப் பூசினால் முகம் சிவக்கும் என்று யோசனையும் சொல்வார்கள். தேன் வெளுக்க வைக்கும் என்ற ஒரே நினைப்புதான் தலைக்குப் பயமாகவும் முகத்துக்கு ஆசையாகவும் மாறியிருக்கிறது. இரண்டும் தப்பு.

நம்பிக்கை: தேன் பட்டால் முடி நரைக்கும்.

வெளியே தெரியும் முடி நகத்தைப் போல உயிரற்றது. அதற்குக் கருமை தருவது மயிர்க்காலுக்குள் இருக்கும் நிறமி செல்கள். அவை ஓய்ந்தால்தான் நரை. வயதும் பரம்பரையும் முதல் காரணங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இளநரையோடு தொடர்பு உண்டு. முடிமேல் வழிந்த தேனுக்கு அந்தச் செல்களிடம் வேலையே இல்லை.

ஆனாலும் இந்தப் பயத்தில் ஒரு துளி வேதியியல் இருக்கிறது. தேனில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி உண்டு. தேனோடு தண்ணீர் சேர்ந்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பார்லரில் முடியை வெளுக்க வைப்பதும் இதே பெராக்சைடுதான். ஆனால் அங்கே பயன்படுவது 6 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். தண்ணீர் கலந்த தேனில் உண்டாவதோ, புண் கழுவ மருந்துக்கடையில் வாங்கும் 3 சதவீதக் கரைசலில் இருப்பதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. தேனைச் சூடுபடுத்திவிட்டால் நொதி கெட்டு அதுவும் இல்லாமல் போகும். இன்னொன்று: பெராக்சைடு பட்ட கருமுடி செம்பட்டையாகுமே தவிர நரைக்காது. வேரிலிருந்து புதிதாக வளர்வது கறுப்பாகத்தான் வரும்.

நம்பிக்கை: தேனும் எலுமிச்சையும் முகத்தைச் சிவப்பாக்கும்.

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, அதிலும் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். இவை ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால், கழுவியதும் முகம் மினுமினுப்பாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு அது நிஜம். நிறம் மாறவில்லை. எனக்குக் கவலை தேனைப் பற்றியல்ல, அதோடு பிழியும் எலுமிச்சையைப் பற்றி. அமிலம் மிகுந்த அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் போனால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பி, ஆறிய இடம் பல வாரங்கள் கறுத்துக் கிடக்கும். சிவக்க ஆசைப்பட்டுக் கறுத்துத் திரும்புவானேன்? தேனோடு பட்டைப் பொடி கலப்பவர்களுக்கும் எச்சரிக்கை: பட்டை சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும்.

நம்பிக்கை: பருவுக்குத் தேன் மருந்து.

நியூசிலாந்தில் 136 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் கிருமிநாசினி சோப்பு மட்டும் போட்டார்கள். இன்னொரு பிரிவினர் சோப்போடு, கானுகா என்ற மரத்தின் தேனை மருத்துவத் தரத்தில் தயாரித்துப் பூசினார்கள். 12 வாரம் கழித்து, தேனால் கூடுதல் பலன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. முடிவு 2016-இல் வெளிவந்தது.

பொடுகு விஷயத்தில் தேனுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 பேருக்கு, வெதுவெதுப்பான நீரில் சற்றே நீர்க்கவிட்ட தேனை ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்ததில் செதிலும் அரிப்பும் குறைந்தன. சிறிய ஆய்வு. தேனைத் தலையில் மூன்று மணி நேரம் ஊறவும் விட வேண்டும். காலையில் பஸ் பிடிக்கிறவர்களுக்கு ஆகிற காரியமா? பொடுகுக்கான கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டுக் கழுவச் சில நிமிடங்கள் போதும், அதற்கு ஆதாரமும் வலுவாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்கே தேன் வைக்கிறார்களே என்பீர்கள். அது காமா கதிரால் கிருமி நீக்கிய தேன். சமையலறை பாட்டிலை வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

தோலும் முடியும் வறண்டிருந்தால் தேனை மட்டும் மெல்லப் பூசி, கால்மணி நேரத்தில் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். தேன் தரும் உண்மையான பலன் அந்த ஈரப்பதம்தான். மகரந்தமோ தேனீப் பொருளோ ஒத்துக்கொள்ளாதவர்கள் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பார்த்த பிறகே முகத்துக்குப் போகவும். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் பூசிய கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். தேனில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்பதால், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூட வைக்கக் கூடாது.