கரையோரத்தில் அலங்காரக் கொப்பி

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி முனை வரை நீளும் புத்தளக் கரை, உப்பு விளையும் கரை. அங்கே அலங்காரக் கொப்பி வைத்திருப்பவருக்கு முதல் எதிரி ஈரம். அடுத்த எதிரி, அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். கடற்காற்றோடு வந்து தாளில் படிந்த உப்புத்தூளும் அப்படித்தான் கசியும். கண்டியிலோ நுவரெலியாவிலோ செய்து பார்த்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தாள் நெளியும், மட்டை வளையும், பூஞ்சணம் பூக்கும். கொப்பி வாங்குவதிலிருந்து கூட்டாளிகளுக்கு அனுப்புவது வரை எல்லாவற்றையும் இதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

கம்பிச் சுருள் போட்ட கொப்பியும் பின் அடித்த கொப்பியும் இந்தக் கரைக்கு ஆகாது. ஒரு மாரி கழிந்தால் பின் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்னும். நூலால் தைத்துக் கெட்டி மட்டை போட்ட சாதாரண சீ.ஆர். கொப்பியே போதும். கடையில் வைத்தே ஒரு கட்டின் நடுத்தாளைத் திறந்து பார்த்து, நூல் தெரிந்தால் வாங்கலாம். 120 பக்கம் நல்ல அளவு. 200 பக்கக் கொப்பியை ஆசையாக வாங்கி அலங்கரிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மிடோரி நிறுவனம் 2006 இல் வெளியிட்ட டிராவலர்ஸ் நோட்புக், ஹொபோனிச்சி நாட்குறிப்பு போன்ற ஜப்பானியக் கொப்பிகளுக்கு உலகெங்கும் ஆர்வலர் கூட்டம் உண்டு. அவற்றின் தாள் அருமையானது. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கியவர் முதல் கோடு போடவே பயப்படுவார். பார்பரா சன்சோனி 1960களில் கொழும்பில் தொடங்கிய பெயார்ஃபுட் நிறுவனத்தின் கைத்தறித் துணி போர்த்த கொப்பிகள் நல்ல முன்மாதிரி. சீ.ஆர். கொப்பியையும் துணியையும் வைத்து அந்தத் தோற்றத்தை வீட்டிலேயே கொண்டுவரலாம்.

ஒட்டுவதற்கு இடம் விடுவதுதான் முதல் வேலை. படம், டிக்கெட், இலை என்று பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால் கொப்பி தடித்து, வாய் பிளந்து, கடைசியில் முதுகு கிழியும். ஆகவே தொடக்கத்திலேயே நாலு தாளுக்கு ஒன்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியோடு கிழிக்கக் கூடாது. தையலிலிருந்து ஒரு சென்றிமீற்றர் விட்டு, அடிமட்டம் வைத்துப் பிளேட்டால் வெட்ட வேண்டும். அடியோடு கிழித்தால் அதே கட்டில் அதற்குச் சோடியான தாளும் கழன்று வரும். வெட்டிய தாள்கள் பட்டியல் எழுதவும் பேனை பரீட்சிக்கவும் உதவும்.

அடுத்தது துணி போர்த்துவது. கொப்பிகள் பழுதாகும் இடம் பெரும்பாலும் இதுதான்; அவசரப்படுபவர் இந்த வேலையைத் தொடாமல் பழைய சாரத்தில் ஒரு உறை தைத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

துணியை நேரே மட்டையில் ஒட்டினால் பசை ஊறி வெளியே வந்து கறையாகும். முதலில் துணிக்குப் பின்னால் தாள் கொடுக்க வேண்டும். துணியைத் துவைத்துக் காயவைத்து, நனைத்துப் பிழிந்து, கண்ணாடி மேலோ வழுவழுப்பான மேசை மேலோ நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, காற்றுக் குமிழி இல்லாமல் கையால் நீவ வேண்டும். மெல்லிய டிமை தாளில் பசை பூசி அதன் மேல் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மறுபடியும் நீவி விட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்தால் துணி விறைப்பாக வரும். வெட்டினால் நூல் பிரியாது. துவைப்பது, நனைப்பது, பசை காய்ச்சுவது எல்லாவற்றுக்கும் குடிதண்ணீர் அல்லது மழைத்தண்ணீர்தான் வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் காய்ச்சிய பசை வெயில் காலத்தில் காய்ந்தது போலவே இருக்கும். மாரி வந்ததும் மட்டை பிசுபிசுக்கும். பலர் பசையைக் குறை சொல்லி வேறு பசை வாங்குகிறார்கள். குறை தண்ணீரில்.

பசை காய்ச்ச ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டி, வெண்மை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, துணியில் வடிக்க வேண்டும். தனி மாப்பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மரவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசையைச் சம அளவு கலந்தால் பூச்சி குறையும். பசை மெதுவாகக் காய்வதால் கோணலைத் திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்கும். பழைய புத்தகம் கட்டுவோர் பூச்சிக்குத் துரிசு சேர்த்தார்கள். அது நஞ்சு; பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வேண்டாம். பசையை மீதம் வைக்கவும் வேண்டாம், இந்த வெக்கையில் இரண்டு நாளில் புளித்து நாறும்.

துணியைக் கொப்பியின் மூன்று வெளி ஓரங்களிலும் இரண்டு சென்றிமீற்றர் கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டும் ஒழுங்கு முக்கியம். பின்மட்டையில் மட்டும் பசை பூசித் துணியை ஒட்டி, கொப்பியை மூடிய நிலையிலேயே வைத்து, துணியை முதுகைச் சுற்றி இழுத்து வந்து, கடைசியில் முன்மட்டையில் ஒட்ட வேண்டும். கொப்பியை மலர்த்தி வைத்துக்கொண்டு ஒட்டினால் துணியின் நீளம் போதாது. மூடப் போகும்போது முதுகு இறுகி மட்டை எழும்பி நிற்கும், அதன் பிறகு அதைத் திருத்த வழியே இல்லை. முதுகில் பசை பூசக் கூடாது. முதுகுக்கும் மட்டைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அடிமட்டத்தின் மழுங்கிய ஓரத்தால் துணியை அழுத்தி விட வேண்டும். மூலைத் துணியைச் சாய்வாக வெட்டும்போது மட்டையின் நுனியிலிருந்து மூன்று நாலு மில்லிமீற்றர் தள்ளியே வெட்டுவது அவசியம். ஒட்ட வெட்டினால் மூலை மட்டை வெளியே எட்டிப் பார்க்கும்.

இனி வளைவு. பசை காயும்போது துணி சுருங்கி மட்டையை வெளிப்பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டி எதிர்ப்பக்கம் இழுக்கவிட வேண்டும். இந்த உள்தாளை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுபவர்களின் கொப்பிகள்தான் படகு மாதிரி வளைந்து கிடக்கின்றன. தாளுக்கும் இழைவாட்டம் உண்டு. நனைந்த தாள் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். தாளை மடிப்பு விழாமல் நெடுக்கிலும் குறுக்கிலும் வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும் பக்கத்தில் இழை மடிப்புக்கோட்டின் திசையில் ஓடுகிறது என்று பொருள். உள்தாளின் இழையும் துணிக்குப் பின்னால் கொடுத்த தாளின் இழையும் கொப்பியின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும்.

எல்லாம் ஒட்டியதும் மட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் இடையில் பொலித்தீன் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே கொப்பியை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். வெயில் காலத்தில் ஓர் இரவு, மாரியில் இரண்டு இரவு. வெயிலில் வைப்பதும் தலைமுடி உலர்த்தியால் ஊதுவதும் குறுக்குவழி போலத் தெரியும். இரண்டும் மட்டையை வளைக்கும்.

உள்ளே ஒட்டுவது எளிது. பசையைப் பக்கத்தில் பூசாமல் ஒட்டும் பொருளில், அதுவும் மெல்லிசாகப் பூச வேண்டும். கடையில் தரும் பற்றுச்சீட்டும் புதுவகை பஸ் டிக்கெட்டும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருவதால் சில மாதங்களில் வெளிறிப் போகும். நகல் எடுத்து நகலை ஒட்டுவதே சரி. கடற்கரையில் பொறுக்கிய எதையும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பு இறங்கிய பிறகே கொப்பிக்குள் கொண்டுவர வேண்டும். களப்போரத்துக் கண்ணா மரத்தின் இலை தன் மேற்பரப்பிலேயே உப்பைக் கக்கும். கழுவாமல் ஒட்டினால் அந்த இடத்தில் தாள் எப்போதும் ஈரமாக இருக்கும். இலையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே அழுத்தி, தாளை நாளுக்கு நாள் மாற்றி, சருகான பிறகு ஒட்டலாம். சிப்பி கொப்பிக்கு உரியதல்ல, அதை வரைந்துகொள்ளலாம்.

வாஷி டேப் ஜப்பானில் வர்ணக்காரர் பாவித்த மறைப்பு டேப்பிலிருந்து வந்தது. கமோய் நிறுவனம் 2008 இல் அதை அலங்காரப் பொருளாகத் தனிப் பெயரில் விற்கத் தொடங்கியது. உரித்து மாற்றி ஒட்டலாம் என்பது அதன் சிறப்பு. மலிவுப் போலிகள் கரையோர வெக்கையில் தாமாகவே உரிந்து விழும். செலோடேப் மஞ்சளாகிப் பசை கசியும் என்பதால் அதைக் கொப்பிக்குக் கிட்டவே எடுக்கக் கூடாது. எழுதும் கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்தால் வியர்வையில் மை கலையாது. எந்தப் பேனையையும் கடைசிப் பக்கத்தில் பரீட்சித்த பிறகே முன்னால் கொண்டுவர வேண்டும்.

எதை எழுதுவது என்ற தயக்கம் பலரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது. ஊர்க்கொப்பி தொடங்குவது இதற்கு நல்ல மருந்து. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து 1834 இல் நூலாக வெளியிட்டவர். அவர் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த நூல் 1859 இல் வந்தது. அதே அகரவரிசை முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, உடப்பு என்றால் தீமிதித் திருவிழா, கற்பிட்டி என்றால் ஒல்லாந்தர் கோட்டை, தலவில் என்றால் அன்னம்மாள் ஆலயம், பாலாவி என்றால் உப்பளம் என்று நிரப்பிக்கொண்டு போகலாம். கோட்டை மதிலை வரையத் தெரியாதவர் அங்கே கண்ட ஒரு கல்லின் நிறத்தைப் பூசினாலும் அது பக்கம்தான்.

கொப்பி ஆர்வலர் கூட்டம் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது வகுப்பில் கைமாறும் ஓட்டோகிராப் கொப்பியும், பாடசாலை மன்றங்கள் நடத்தும் கையெழுத்துச் சஞ்சிகையும் அதன் முன்னோடிகள். பாடசாலை விட்ட பிறகும் அதைத் தொடர சுற்றுக்கொப்பி சிறந்த வழி. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கொப்பியைச் சுற்றுக்கு விட, ஒவ்வொருவரும் இரண்டு தாளை நிரப்பி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஐந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆறாவது ஆளிடம் கொப்பி நின்றுவிடும். ஒருவருக்கு இரண்டு கிழமைதான் தவணை. பெயர்களையும் திகதிகளையும் முன்மட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பிந்தியவரை எவரும் திட்டத் தேவையில்லை, திகதியே பேசும். மற்றவர் எழுதிய பக்கத்தைப் படமெடுத்துப் பொதுவில் போடுவதற்கு அவரிடம் கேட்க வேண்டும். தபாலில் அனுப்பும்போது முதலில் பொலித்தீன், அதற்கு மேல் மட்டை, அதற்கு மேல் கடதாசி.

அனுப்புவதற்கு முன் தன் பக்கங்களைப் படமெடுத்து வைப்பது கட்டாயம். 1344 இல் இலங்கையில் இறங்கிய பயணி இபின் பதூதா, அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பட்டாலா என்ற ஊரைப் புத்தளம் என்றே அடையாளம் காண்கிறார்கள். புகாராவில் அறிஞர் கல்லறைகளிலிருந்து எழுதியெடுத்த குறிப்புகளை இந்தியக் கடலில் கொள்ளையரிடம் இழந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தபாலில் போகும் கொப்பிக்குக் கொள்ளையர் தேவையில்லை, மழை போதும்.

கூட்டாகச் சேர்வதில் இன்னொரு இலாபம், செலவு குறைவது. கடதாசித் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அந்த நெருக்கடியோடு ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு வாஷி டேப் சுருளை ஐந்து பேர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு ஒரு மீற்றர் வீதம் பழைய அட்டையில் சுற்றிப் பகிர்ந்தால் ஒரு சுருள் காசில் ஐந்து நிறம் சேரும். ஸ்டிக்கர், அழகுத்தாள், மை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மைப்பேனையை மட்டும் இரவல் கொடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது.

பத்திரப்படுத்துவதற்கு மூடி இறுகிய பிஸ்கட் பேணி நல்லது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைப் போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரக் கொப்பியைப் பேணியில் அடைத்தால் பூஞ்சணத்தை வளர்ப்பதாகவே முடியும். ஆகவே முதலில் தாள்களை விசிறிக்குக் கீழே விரித்துக் காற்றாட விட வேண்டும். சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை கடல் பக்கத்து யன்னலைத் திறந்து வைத்துக் கொப்பியைக் காயவைப்பது பயன் தராது, அந்தக் காற்று உப்போடு வரும். துணி போர்த்தும் வேலைக்கு மாசியும் பங்குனியும் ஏற்ற மாதங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மட்டைக்குப் பசை பூசுபவர் தை வரை காத்திருக்க வேண்டிவரும்.